அமெரிக்காவை இரண்டாக்கிய கேள்வி திருச்சி கலெக்டரிடமும் கேட்கப்பட்டது: பெரம்பலூர், அரியலூர் பக்கம் அடிமை முறை எப்படி இருந்தது?

1819-ம் ஆண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை. மிசோரி என்ற புதுப் பகுதியை மாநிலமாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கலாம், ஆனால் அங்கே அடிமை முறை இருக்கலாமா, கூடாதா? இந்த ஒரே கேள்வியில் நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்து நின்றது.

அதே 1819-ல், கடலுக்கு இந்தப் பக்கம், மெட்ராஸில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியம் தன் கலெக்டர்களுக்குக் கடிதம் அனுப்பிக் கேட்டது: உங்கள் ஜில்லாவில் அடிமைகள் இருக்கிறார்களா, எத்தனை பேர், எப்படி நடத்தப்படுகிறார்கள்? திருச்சிராப்பள்ளி கலெக்டர் லூஷிங்டன் அந்த ஜூலையில் பதில் எழுதினார். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அப்போது திருச்சி ஜில்லாவுக்குள்தான் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ல் திரும்பவும் தனி மாவட்டமானது.

கலெக்டர் கொடுத்த பதிலில் இரண்டு எண்கள் இருந்தன. நஞ்சைப் பகுதிகளில் சுமார் 10,000 பேர். புன்சைப் பகுதிகளில் சுமார் 600 பேர்.

ஒரே ஜில்லா, ஒரே மொழி, ஒரே அரசு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதற்குப் போகும் முன், அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

அமெரிக்கா மேற்கே மேற்கே விரிந்துகொண்டே போனது. புது நிலம் கிடைக்கக் கிடைக்க, அங்கே அடிமைகளை வைத்து விவசாயம் செய்யலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1819-ல் அடிமை மாநிலங்கள் 11, அடிமை இல்லாத மாநிலங்கள் 11 என்று தராசு சமமாக இருந்தது. மிசோரி எந்தப் பக்கம் சேர்ந்தாலும் தராசு சாய்ந்துவிடும். 1820-ல் ஒரு சமரசம் செய்தார்கள். மிசோரி அடிமை மாநிலம், மெயின் சுதந்திர மாநிலம். மற்றபடி வரைபடத்தில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகையில் ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே உள்ள புது நிலத்தில் அடிமை முறை கூடாது.

அந்தக் கோடு அதிக நாள் தாங்கவில்லை. 1845-ல் டெக்சாஸ் சேர்ந்தது. மெக்சிகோவோடு போர் நடந்து, 1848-ல் இன்னும் பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்தது. 1854-ல் கன்சாஸ், நெப்ராஸ்கா சட்டம் பழைய கோட்டையே அழித்தது. 1861-ல் உள்நாட்டுப் போர். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, 1865-ல் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

இங்கேயும் அரசு விரிந்தது, அடிமை முறையும் இருந்தது. ஆனால் போர் வரவில்லை, யாரும் கோடு போடவும் இல்லை. கோட்டை ஆறு போட்டு வைத்திருந்தது.

கம்பெனி இந்தப் பக்கம் எப்படி வந்தது?

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிப் போகிறவர்கள் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751-ல் இந்தக் கோட்டை, வாலிகண்டபுரம் சுற்றுவட்டாரத்தில்தான் இரண்டு படைகள் மோதின. ஒரு பக்கம் சந்தா சாகிப், அவருக்கு ஆதரவாக பிரெஞ்சுக்காரர்கள். இன்னொரு பக்கம் முகமது அலி, அவருக்கு ஆதரவாக ஆங்கிலேயர்கள். ஆற்காடு நவாப் யார் என்ற சண்டைதான். ஆனால் யார் ஜெயித்தாலும் பின்னால் நின்ற வெள்ளைக்காரர்களுக்குக் கடன்பட வேண்டிய நிலைமை.

கடைசியில் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி நவாப் ஆனார். கம்பெனியிடம் கடன் ஏறிக்கொண்டே போனது. 1801 ஜூலையில் கர்நாடக ஒப்பந்தம் கையெழுத்தானது. திருச்சி உட்பட நவாப்பின் ஆட்சிப் பகுதி முழுவதும் கம்பெனிக்குப் போனது. ஜான் வாலஸ் திருச்சியின் முதல் கலெக்டராக வந்தார். அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் பின்னர் ஜமீன்தார்களாக ஆக்கப்பட்டார்கள்.

நிலத்தை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்ததையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. குளம், வாய்க்கால், வரிப்பதிவேடு, மிராசு உரிமை. அந்த மிராசு உரிமைக்குள்ளேயே, அந்த நிலத்தில் உழைக்கும் மனிதர்கள் மீதான உரிமையும் இருந்தது.

அப்போ அடிமை முறை கம்பெனி கொண்டுவந்ததா?

இல்லை. அது அதைவிட பல நூற்றாண்டுகள் பழையது. அதற்கான சாட்சிகளில் சில அரியலூர் மாவட்டத்திலேயே நிற்கின்றன.

ஜெயங்கொண்டம் பக்கத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் ராஜேந்திரன் சுமார் 1025-ல் அமைத்த தலைநகரம். சோழர் ஆட்சி முடியும் வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், பேரரசு இங்கிருந்துதான் நடந்தது. கோயிலுக்குள் போனால் தாமரைப் பீடம் போல ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகச் சிற்பத்தைக் காட்டுவார்கள். அது சாளுக்கிய நாட்டுப் பாணி. சுற்றியுள்ள ஊர்க் கோயில்களில் கலிங்க நாட்டுப் பாணிச் சிற்பங்களும் இருக்கின்றன. இவை போரில் ஜெயித்து எடுத்து வந்த பொருட்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சுற்றுலா போகிறவர்கள் இதைப் பெருமையாகப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வெற்றிப் படைகள் சிலைகளை மட்டும் கொண்டுவரவில்லை. கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படையெடுத்து வந்த சோழப் படை ஊர்களைச் சூறையாடியது, பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது என்று அது குற்றம் சாட்டுகிறது. எதிரி வெட்டிய கல்வெட்டு, மிகை இருக்கத்தான் செய்யும். ஆனால் சோழர் தரப்பிலும் 'வேளம்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அரண்மனைச் சேவைக்கான பெண்கள் தங்கவைக்கப்பட்ட குடியிருப்பு அது. அதில் போர்க் கைதிகளும் இருந்தார்கள் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள்.

போர் இல்லாத காலத்தில் பஞ்சம் அந்த வேலையைச் செய்தது. திருப்பாம்புரம் கோயிலில் 1201-ம் ஆண்டைச் சேர்ந்த, மூன்றாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு இருக்கிறது. அரிசி விலை ஏறிப்போன பஞ்ச காலத்தில், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. பட்டினியில் யாரும் விற்கப்படலாம் என்ற நிலைமை அப்போது இருந்தது. இந்த மாதிரி விற்பனைப் பத்திரத்துக்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று தனிப் பெயரே உண்டு. சுந்தரர் கதையில் கல்யாண மண்டபத்துக்கு வந்த கிழவர் 'நீ என் அடிமை' என்று ஓலையைக் காட்டி வழக்காடுவார் அல்லவா? கேட்டவர்களுக்கு அந்தக் கதை புரிந்ததற்குக் காரணம், அப்படி ஓலைகள் நிஜமாகவே இருந்தன.

ஆக, கம்பெனி கண்டுபிடித்த ஒன்று அல்ல இது. வந்து பார்த்தது, கணக்கெடுத்தது, அதிலிருந்து வரி வாங்கியது. அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

10,000-க்கும் 600-க்கும் நடுவே ஓடுவது எது?

பதில் ஒரே வார்த்தை: தண்ணீர்.

காவிரியும் கொள்ளிடமும் பாயும் ஸ்ரீரங்கம், லால்குடி, முசிறி பக்கம் நஞ்சை. கொள்ளிடத்தை விட்டு வடக்கே போகப் போக நிலம் மாறும். பெரம்பலூர் பக்கம் கரிசல், அரியலூர் பக்கம் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையும். திருமானூர், தா.பழூர் போல கொள்ளிடக் கரையை ஒட்டிய கிராமங்களையும் ஏரிப் பாசன ஊர்களையும் விட்டால், மீதிக்கு வானம்தான் கதி. கலெக்டர் கணக்கில் புன்சை என்று வருவது இந்த மாதிரிப் பகுதிகள்தான்.

நெல் விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நாற்று பறித்து நடுவதற்குச் சில நாட்கள்தான் இருக்கும். அந்த நாட்களில் ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆண்டே போச்சு. அறுப்பும் அப்படித்தான். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும்போது கூலி ஏறும், ஆள் வேறு களத்துக்குப் போவார். போகவிடாமல் வைத்திருப்பதுதான் மிராசுதாருக்கு லாபம்.

இன்னொரு காரணம், நஞ்சை மிராசுதார்களில் பலர் ஏர்க்காலைத் தொடாதவர்கள். பிராமண மிராசுதார்களுக்குச் சாதி ஆசாரமே அதைத் தடுத்தது. நிலம் தங்களுடையது, உழைப்பு வேறு ஒருவருடையது. ஆள் இல்லாத நஞ்சைக்கு விலையே இல்லை. அதனால்தான் நிலம் விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் ஆட்களும் சேர்ந்து கைமாறினார்கள்.

புன்சையில் கதை வேறு. சோளம், கம்பு, வரகு, பருத்தி. ஒரு குடும்பம், ஒரு ஜோடி மாடு, இருக்கிற நிலம். மழை பெய்தால் வேலை, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் சும்மா. வேலை இல்லாத மாதங்களிலும் ஓர் ஆளுக்குச் சோறு போட்டு வைத்திருக்க புன்சைக்காரருக்குக் கட்டாது. வீட்டு ஆட்களே உழைப்பார்கள், தேவைப்பட்டால் சில நாட்களுக்குக் கூலி ஆள் வைத்துக்கொள்வார்கள். பெரம்பலூர் பக்கத்து மனிதர்கள் நல்லவர்கள், லால்குடி பக்கத்து மனிதர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயிர் மாறினால் முறை மாறியது, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் தெற்கே பருத்தியும் கரும்பும் அடிமை முறையைக் காப்பாற்றின. வடக்கே சிறு விவசாயிக்கு அது தேவைப்படவில்லை. அங்கே அரசியல்வாதிகள் வரைபடத்தில் அட்சரேகையைத் தேடினார்கள். இங்கே கொள்ளிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி ஆவணங்கள் 'இத்தனை அடிமைகள்' என்று எழுதுவதற்குப் பதிலாகச் சாதிப் பெயரை எழுதி, அதையே அடிமைக் கணக்காக வைத்தன. லூஷிங்டனின் கணக்கும் 'புல்லர்' என்று, பள்ளர் சமூகத்தின் பெயரால்தான் இருக்கிறது. மற்ற ஜில்லாக்களில் பறையர் பெயரும் வரும். இது எழுதியவர்களின் பார்வை. அந்தச் சமூகத்தினர் எல்லோரும் அடிமைகளாக இருந்ததாகவோ, அது அவர்களுடைய அடையாளம் என்றோ ஆகாது. பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளை தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கும் சட்டம் 2021-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதற்குப் பின்னால், இப்படி அடுத்தவர் எழுதிவைத்த பெயரை மறுக்கும் நீண்ட போராட்டம் இருக்கிறது.

அதேபோல 600 என்ற எண்ணை வைத்துக்கொண்டு புன்சையில் எல்லாம் சுகமாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். கணக்கில் வந்தவர்கள் 600 பேர். கடனுக்காக ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட படியாள் இந்தக் கணக்கில் வருவாரா என்பது எழுதிய அதிகாரியின் கையில் இருந்தது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற பிரிவினை நஞ்சை, புன்சை பார்க்கவில்லை.

சரி, இந்த முறையை ஒழிக்கலாமா என்பதற்கு கலெக்டர் என்ன சொன்னார்? அவர் வாதத்தின் போக்கு இதுதான்: கை வைத்தால் நஞ்சைச் சாகுபடி கெடும், மிராசுதார் நலன் பாதிக்கும். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் யாருக்கும் தெரிந்த இன்னொன்று, சாகுபடி கெட்டால் கம்பெனியின் வரியும் கெடும். மலபாரில் நிலவரி பாக்கிக்காக அடிமைகளை ஏலம் விடும் வழக்கம்கூட இருந்து, அதே 1819-ல்தான் நிறுத்தப்பட்டது. அரசே இந்த வியாபாரத்துக்குள் எவ்வளவு தூரம் இருந்தது என்பதற்கு அது ஒன்றே போதும்.

லண்டனில் ஒரு சட்டம், இந்தியாவுக்கு மட்டும் விலக்கு

1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். மேற்கிந்தியத் தீவுகள், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என சுமார் 8 லட்சம் பேர் தொடர்பான சட்டம். இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு!

அந்தச் சட்டத்தின் 64-வது பிரிவு சொன்னது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், சிலோன், செயின்ட் ஹெலினா தீவு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அதாவது ஒரே பேரரசில், மொரீஷியஸில் சட்டவிரோதமாகும் ஒன்று லால்குடியில் சட்டப்படி சரி.

இது கவனக்குறைவால் நடந்த விலக்கு இல்லை. அதே ஆண்டு கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதா வந்தபோது, 1837 ஏப்ரல் 12-க்குப் பிறகு இந்தியாவில் அடிமை முறை இருக்கக் கூடாது என்று முதலில் தேதியே குறித்திருந்தார்கள். எதிர்ப்பு வந்தது. இந்தியர்களின் வழக்கத்தில் கை வைத்தால் ஆட்சிக்கே ஆபத்து என்ற பயம். தேதி எடுக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல் பாதுகாப்பாக, சாத்தியமானபோது பார்த்துச் செய்யட்டும் என்ற அளவில் மசோதா சட்டமானது. அரசு ஆவணம் படித்துப் பழகியவர்களுக்கு இந்த மொழி புரியும். இப்போதைக்கு இல்லை என்று அர்த்தம்.

ஆனால் பிரிட்டனில் இருந்த அடிமை எதிர்ப்பு இயக்கத்தினர் விடவில்லை. 1840-ல் லண்டனில் உலக அடிமை எதிர்ப்பு மாநாடு நடந்தது. அதே ஆண்டு வில்லியம் ஆடம் என்பவர் பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமை முறை பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். கல்கத்தாவில் சட்ட ஆணையம் விசாரித்து 1841-ல் அறிக்கை கொடுத்தது. ஜில்லா கலெக்டர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய பதில்களும் இந்த விவாதங்களில் எடுத்தாளப்பட்டன.

1843: நான்கே நான்கு வரி

1843 ஏப்ரல் 7. ஐந்தாம் எண் சட்டம் வந்தது. கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ. மிகச் சின்னச் சட்டம், சொன்னவை நான்கு விஷயங்கள். வரி பாக்கிக்காகவோ கோர்ட் தீர்ப்புக்காகவோ எந்த அரசு அதிகாரியும் ஒருவரை அடிமை என்று சொல்லி விற்கக் கூடாது. 'இவர் என் அடிமை' என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தாது. அடிமையாக இருந்தவர் என்பதற்காக ஒருவர் சம்பாதித்த சொத்தைப் பறிக்க முடியாது. சாதாரண மனிதருக்கு எதிராகச் செய்தால் எது குற்றமோ, அடிமை என்று சொல்லப்படுபவருக்கு எதிராகச் செய்தாலும் அது குற்றம்.

கவனித்துப் பாருங்கள். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று இதில் எங்கேயும் இல்லை. ஆள் ஓடிப்போனால் பிடித்துக்கொடுக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். அடிமையாக வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றானது இந்திய தண்டனைச் சட்டத்தின் 370, 371 பிரிவுகள் 1862-ல் அமலுக்கு வந்த பிறகு.

அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் செத்து ஒழித்ததை இங்கே ஒரு காகிதத்தில் முடித்துவிட்டார்களே என்று தோன்றலாம். உண்மையில் முடிந்ததா என்பதுதான் கேள்வி. யாருக்கும் இழப்பீடு இல்லை, நிலமும் இல்லை. வாசிக்கத் தெரியாத பண்ணையாளுக்கு இந்தச் சட்டம் வந்ததை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அவர் குடியிருந்த மனை மிராசுதாருடையது. விதைநெல், பழைய சோறு, கல்யாணச் செலவு எல்லாமே அங்கிருந்துதான். விட்டுப் போகலாம் என்று சட்டம் சொன்னது. போவதற்கு இடம் இல்லை.

ஓலை போய் கடன் வந்தது

ஆளை விற்க முடியாது என்றானதும் கடன் அந்த இடத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் வாங்குவார். திருப்பிக் கொடுக்கும் வரை பண்ணையில் உழைப்பார். கூலி மரக்கால் நெல்லில். அந்தக் கூலியில் கடன் அடையாது. அப்பா செத்தால் மகன் அந்தக் கணக்கில் நிற்பான். கோர்ட்டில் இதற்குப் பெயர் ஒப்பந்தம்.

நிலம் கொடுத்தால்தான் இது மாறும் என்று அரசுக்குச் சொன்ன அதிகாரிகளும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று வழக்காடப்படுவது இதுதான். தஞ்சாவூர் நஞ்சையில் பண்ணையாளைக் காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது என்று தனிச் சட்டம் வருவதற்கு 1952 வரை ஆனது.

தப்பிக்க ஒரு வழி, அதிலும் ஒரு கடன்

ஊரை விட்டுப் போகலாம், ஆனால் போக இடமில்லை என்ற நிலைமையில் ஓர் இடம் திறந்தது: இலங்கை.

ஆங்கிலேயர் 1815-ல் கண்டி ராஜ்ஜியத்தைப் பிடித்தார்கள். மலைக்காடுகள் காலியாயின, காப்பித் தோட்டங்கள் வந்தன, பிறகு தேயிலை. அங்கேயும் நிலம் விரிந்தது, ஆள் வேண்டும். இலங்கையில் 1844-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில்தான் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் போகத் தொடங்கினார்கள். திருச்சி ஜில்லாவில் தண்ணீர் இல்லாத வடக்குத் தாலுகாக்களுக்கு, பெரம்பலூர், முசிறி, உடையார்பாளையம் போன்றவற்றுக்கு, இதில் நல்ல பங்கு உண்டு. அடிமைக் கணக்கில் 600 என்று அடங்கிய புன்சை, ஆள் அனுப்பும் கணக்கில் முன்னால் வந்தது. பஞ்சம் வந்தால் புன்சைதான் முதலில் காயும்.

கூட்டிப்போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர், சில சமயம் உறவுக்காரரே. வழிச்செலவுக்கு அவர் முன்பணம் கொடுப்பார். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடை. வழியிலேயே காலராவில் செத்தவர்கள் பலர். தோட்டத்தில் போய் நிற்கும்போது கடனோடுதான் நிற்பார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இவருக்கு இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். பழைய ஆளோலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தோன்றும். துண்டு முறை ஒழிந்தது 1921-ல்.

நாடு இரண்டாகும் கதை கடைசியில் அங்கேதான் நடந்தது. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் பண்ட பாத்திரம் பிரிப்பது போல.

ஒரே வீட்டில் அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை, தம்பிக்கு இந்திய பாஸ்போர்ட் என்று ஆன குடும்பங்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள் மண்டபம், திருச்சி கொட்டப்பட்டு முகாம்கள் வழியாக வந்தார்கள். தாத்தா கிளம்பிப்போன ஊர் பெயர் மட்டும் தெரியும், அங்கே அவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இலங்கையில் தங்கிவிட்டவர்களில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு மனித வியாபாரத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காரணமாக வைத்து ஆளைப் பிடித்துவைப்பதைக் குற்றமாக்கியது. மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பழைய கடனும் செல்லாது. இது கொத்தடிமைக் கடன் என்று புகார் வந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்கும். 2016-ன் மத்திய அரசுத் திட்டப்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மறுவாழ்வு உதவி உண்டு. 1833-ல் இழப்பீடு முதலாளிக்குப் போனது. இப்போது உழைத்தவருக்கு.

2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 371-வது பிரிவு இப்போது 145-வது பிரிவு. அடிமைகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்கிறது அது. 'அடிமை' என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை.